டிராக்டர் இழுக்கலையா? பம்பைக் கழட்டும் முன் ஒரு பாட்டிலை எடுங்க

புரட்டாசி இரண்டாம் வாரம், ராத்திரி நல்ல மழை. குன்னம், செந்துறைப் பக்கம் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போடுகிற நமக்கு, அப்படி ஒரு மழைக்குப் பின் கையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். மறுநாளே இறங்கினால் மண் டயரில் அப்பிக்கொள்ளும். நாலைந்து நாள் தள்ளினால் மேல்மண் காய்ந்து விதைக்கு ஈரம் பத்தாது. அந்த இடைவெளியில் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். கால் மணி நேரம் ஓடியிருக்கும். இன்ஜின் சத்தம் தளர்ந்தது, ஆக்சிலேட்டரைக் கூட்டினாலும் ஏறவில்லை, நாலு முறை திக்கி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. மறுபடி கால் மணி நேரம், மறுபடி நின்றது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "சார், பம்ப் போயிடுச்சு. கழட்டி டவுனுக்குக் கொண்டுபோய் காலிப்ரேஷன் பண்ணணும்" என்றார். எனக்கும் வேறு தெரியாது. பம்பும் நாசிலும் பட்டறைக்குப் போய் இரண்டாம் நாள் திரும்பி வந்தன. எட்டாயிரத்துச் சொச்சம் செலவு. வீட்டு வாசலில் ஓட்டிக் காட்டினார், அருமையாக ஓடியது. வயலில் இறக்கினேன். கால் மணி நேரத்தில் பழையபடி நின்றது.

பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்த காலத்து ஆள். "தம்பி, கிணத்துல தண்ணி இருக்கான்னு பாக்காம மோட்டாரைக் கழட்டுவாங்களா? மொதல்ல டேங்க்லேர்ந்து டீசல் வருதான்னு பாருங்க" என்றார். குழாயைக் கழட்டி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்தோம். முதல் பாட்டில் ஒரு நிமிஷத்துக்குள் நிறைந்தது. இரண்டாவது பாட்டில் பாதியில் நூலாக மெலிந்து, சொட்டுச் சொட்டாகி நின்றது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் தாள். டீசல் கேன் ஒழுகாமல் இருக்க மூடிக்கு அடியில் வைத்து மூடுவோமே, அந்தத் தாள்தான். இன்ஜின் டீசலை இழுக்க இழுக்க அது மெல்ல வந்து துவாரத்தை மூடியிருக்கிறது. இன்ஜின் நின்றதும் விலகி மிதந்திருக்கிறது.

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ டிராக்டர் கடன் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வட்டி, தவணை, அடமானம் எல்லாம் அத்துப்படி. டேங்கிலிருந்து நாசில் வரை டீசல் எந்த வழியாகப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கற்றுக்கொண்டதை, நம் உழவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாசலில் ஓடும், வயலில் நிற்கும், ஏன்?

45 குதிரைத்திறன் டிராக்டர் உழவில் மணிக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கும். அதாவது நிமிஷத்துக்கு 80 மில்லிக்குக் கொஞ்சம் மேல். சும்மா ஐடிலில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான், நிமிஷத்துக்கு 17 மில்லி. வழியில் முக்கால் பங்கு அடைத்திருந்தாலும் இந்த 17 மில்லி வந்துவிடும். அதனால்தான் வாசலில் வைத்துப் பார்க்கிற எந்தச் சோதனையும் டீசல் பற்றாக்குறையைக் காட்டாது. பாரம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் புகையைப் பாருங்கள்

சைலன்சர் புகை பாதி நோயைச் சொல்லிவிடும். பாரத்தில் இழுவை இல்லை, கரும்புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை என்று பொருள். இழுவை இல்லாமல் கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, எரியக் காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. அப்போது ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரக் காட்டில் உழுகிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். வெள்ளைப் புகையோடு திக்கினால் டீசலில் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கலாம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது வேறு கதை.

இலை மஞ்சளானதும் யூரியா போடுகிறவரைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? வேரைப் பார், வடிகாலைப் பார், மண்ணைப் பார் என்போம். டிராக்டருக்கும் அதே முறைதான். டேங்கில் ஆரம்பித்து, டீசல் போகிற வழியிலேயே ஒவ்வொரு இடமாகப் போக வேண்டும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும், பம்பைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. டீசல் அளவும் நிறுத்தும் கம்பியும். முள்ளை நம்பாமல் டேங்கில் சுத்தமான குச்சி விட்டுப் பாருங்கள். இன்ஜினை நிறுத்த இழுக்கிற கம்பி முழுசாகத் திரும்பாமல் பாதியில் மாட்டியிருந்தால் பம்ப் தானாகவே டீசலைக் குறைத்துவிடும். இதற்குக் கொஞ்சம் கிரீஸ் போதும்.

2. டேங்க் மூடி. மூடியில் காற்று நுழைய ஒரு சின்ன துவாரம் இருக்கும். அது சேற்றாலோ குளவி மண்ணாலோ அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. வண்டி திக்கும்போது மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், இன்ஜினும் தேறிவிட்டால் கோளாறு மூடியில்தான்.

3. பாட்டில் சோதனை. ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழட்டி, ஒளி ஊடுருவும் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நொடி பார்த்துவிட்டு 'வருது' என்று மூடிவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் விட்டுப் பாருங்கள். என் வண்டியில் ஒரு நிமிஷத்துக்கு அப்புறம்தானே மெலிந்தது! பிடித்த டீசலை அப்படியே கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் கோடு போட்டு நிற்கும். துருவும் பாசி போன்ற கொழகொழப்பும் தெரியும்.

டேங்க் கீழே இருக்கிற வண்டிகளில் டீசல் தானாக வழியாது. அதற்குத் தனிக் கேன் சோதனை. சுத்தமான டீசல் கேனை இன்ஜினுக்கு மேலே, சைலன்சருக்குத் தள்ளி, ஆடாமல் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். இன்ஜின் சீராக ஓடினால் கோளாறு டேங்கிலோ குழாயிலோதான். அப்போதும் திக்கினால் மேலே போகலாம்.

4. ரப்பர் குழாய். வெளியே புதுசு போல் இருக்கும், உள்பூச்சு உரிந்து கதவு மாதிரி அடைக்கும். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

5. ஃபீட் பம்ப். பல மாடல்களில் இதற்குள் ஒரு சின்ன வலை உண்டு, பலர் வருஷக்கணக்கில் திறப்பதே இல்லை. கழுவி மாட்டுங்கள். கைப் பம்பை அழுத்தினால் எதிர்ப்பு தெரிய வேண்டும்.

6. பில்டர்கள். இரண்டு பில்டருக்கும் பின்னால் உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்திக் கைப் பம்பை அடியுங்கள். முதல் பில்டருக்கு முன்னால் நல்ல வரத்து, பின்னால் மெலிவு என்றால் அடைப்பு அங்கேதான். காகித பில்டரைக் கழுவிப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். பம்பின் உள்பாகங்களுக்கு இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி, நம் தலைமுடியின் தடிப்பில் சிறு பங்கு. கிழிந்த பில்டர் வழியாகப் போகும் தூசி அங்கேதான் உரசும்.

7. காற்றுக் கசிவு. ஏர் எடுத்த பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இதில் ஒரு சூட்சுமம். ஃபீட் பம்புக்கு முந்திய குழாய்களில் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடினால் கிடைக்காது. அந்த இடத்தில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் டியூபை மாட்டினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் பழைய காப்பர் வாஷர்தான் காரணம், விலையும் சொற்பம்.

ஏர் எடுக்கும் முறை

டேங்கை நிரப்புங்கள். முதல் பில்டர் ஸ்குரு, இரண்டாவது பில்டர் ஸ்குரு, பம்பில் உள்ள ஸ்குரு என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்து இறுக்குங்கள். அப்புறமும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய வகை நாசிலிலேயே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும். கையை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் சின்னக் காயம்தானே என்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டாவது, காமன் ரெயில் வண்டிகள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு இவை பெருகியிருக்கின்றன. அழுத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அவற்றில் நாசில் பைப்பைத் தொடவே கூடாது. மூடி, டேங்க், பில்டர் வரை நாம் பார்க்கலாம், மற்றதை விட்டுவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, பம்பின் வாசல் வரை குமிழியில்லாத டீசல் தாராளமாக வந்தும் இழுக்கவில்லை என்றால், அப்போது பம்பைக் கழட்டலாம். தள்ளியும் போடாதீர்கள். ரோட்டரி பம்புக்கு டீசலேதான் மசகு. காய்ந்தோ தண்ணீர் கலந்தோ ஓடினால் நல்ல பம்பும் உண்மையிலேயே போய்விடும்.

வராமல் காக்க

டீசலுக்கென்று ஒரே கேன், வேறெதற்கும் எடுக்கக் கூடாது. துத்தநாக முலாம் பூசிய டின் வேண்டாம், டீசலோடு சேர்ந்து கசடு உண்டாக்கும். மூடிக்குப் பாலிதீன் வைக்காமல் ரப்பர் வாஷர் போடுங்கள். வாங்கி வந்ததை ஒரு ராத்திரி தெளிய விட்டு, அடியில் ஒரு விரல் உயரத்தை விட்டுவிட்டு, வலை வைத்த புனலில் ஊற்றுங்கள். பழைய பனியன் துணியில் வடிகட்டினால் அதன் நூலே எமனாகும். மழைக்காலத்தில் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகாது. பில்டர் அடியில் உள்ள வடி ஸ்குருவை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆடிக்கு முன் ஒருமுறை டேங்கைக் கழுவுங்கள். வடித்த டீசலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். மண்புழுவுக்காக இத்தனை பாடுபடுகிற நாம், வரப்பில் டீசலைக் கொட்டலாமா?

நம் நண்பர்கள் சிலர் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டலாமே என்று கேட்கிறார்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் செக்கு எண்ணெய் டீசலைவிடப் பலமடங்கு கெட்டி. இன்றைய பில்டரையும் நாசிலையும் அது அடைக்கும். நாமே பற்றாக்குறையை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அந்த எட்டாயிரம் போனது பெரிதில்லை. என் டிராக்டரை நம்பியே இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அக்கா காத்திருந்தார். என் வண்டி பட்டறைக்காகக் கிடந்த நாட்களில் மண் காய்ந்துவிட்டது. அடுத்த மழைக்கு விதைத்தபோது பன்னிரண்டு நாள் பிந்தியிருந்தது. மார்கழியில் மழை நின்றபோது மற்றவர் கதிரில் மணி முற்றியிருந்தது, அவர் கதிரில் பாதி பொக்கு. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரக்கடைப் பாக்கி இல்லாத இயற்கைச் சாகுபடி என்பதால் கடனாளியாகாமல் தப்பித்தார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆடியிலேயே டேங்கைக் கழுவி, வாஷர்களை மாற்றினேன். புரட்டாசி மழை விழுந்ததும் அவர் கொல்லையைத்தான் முதலில் உழுதேன். டூல் பாக்ஸில் 13, 17 ஸ்பேனர், நாலு காப்பர் வாஷர், ஒரு முழம் டியூப், ஒரு காலி பாட்டில் எப்போதும் இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.