புண்ணும் வலியும்

வீட்டில் ஒருவருக்குக் காலில் காயம் பட்டுவிட்டால் வைத்தியம் சொல்லாதவர் யாருமில்லை. காப்பித்தூளை வை என்பார் ஒருவர். சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துப் போடு என்பார் மற்றொருவர். அடுப்புச் சாம்பலே போதும் என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இவற்றில் எதைக் கேட்பது? புண் எப்படிச் சீழ் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

நம் தோல் ஒரு கோட்டைச் சுவர் போன்றது. அது கிழிந்ததும் தோலின் மேலும் மண்ணிலும் உள்ள கிருமிகள் உள்ளே புகுந்து பெருகுகின்றன. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் விரைந்து வந்து அவற்றுடன் போரிடுகின்றன. இந்தப் போரில் மடிந்த அணுக்களும் கிருமிகளும் சிதைந்த சதையும் சேர்ந்ததே சீழ். அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். இந்த நான்கு அடையாளங்களையும் ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். முதல் ஓரிரு நாள் இலேசாகச் சிவந்திருப்பது இயல்புதான். அதற்குப் பிறகும் சிவப்பும் வலியும் கூடினால் கிருமி பற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

முதல் மருந்து தண்ணீர். முதலில் நம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் புண்ணைச் சில நிமிடங்கள் கழுவ வேண்டும். நாம் குடிக்கும் தண்ணீரே இதற்குப் போதும். சந்தேகமிருந்தால் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளலாம். காவிரியில் முழுகினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் உண்டு. ஆறு எவ்வளவு புனிதமானாலும் திறந்த புண்ணோடு அதில் இறங்கக் கூடாது. டெட்டாலை நீர் கலக்காமல் ஊற்றுவதும், ஸ்பிரிட்டை ஊற்றுவதும் புதிதாக வளரும் சதையையே சுட்டுவிடும். சுண்ணாம்பும் அப்படித்தான். காப்பித்தூள் இரத்தத்தை நிறுத்துவது போலத் தோன்றினாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும். மஞ்சள் நல்ல பொருள்தான். ஆனால் அஞ்சறைப் பெட்டி மஞ்சள்தூள் பல கை பட்டது!

கழுவிய புண்ணின் மேல் சிறிது வாசலின் தடவி, சுத்தமான காஸ் துணியால் மூடவேண்டும். "காற்றாட விட்டால்தான் ஆறும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காயாமல் மூடிய புண்ணின் மேல் புதுத்தோல் விரைவாக வளர்வதைக் காட்டினார். கட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். துணி ஒட்டிக்கொண்டால் நீர் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். சீழைப் பிதுக்கவே கூடாது; பிதுக்கினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இவ்வளவும் வலிக்கிற புண்ணுக்கு. வலிக்காத புண்தான் பொல்லாதது.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. ஒரு சித்திரைத் தேரன்று வெயிலில் வெறுங்காலோடு நடந்ததில் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் கண்டது. வலியே இல்லை. "வலிக்காத புண்ணும் ஒரு புண்ணா?" என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு, கோலம் போட்டு, அம்மா மண்டபம் வரை நடந்தும் வந்தார். ஐந்தாம் நாள் தரையில் கறையைக் கண்டு அம்மா காலைத் தூக்கிப் பார்த்தபோது சீழ் எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுத்துத்தான் டாக்டர்கள் காலைக் காப்பாற்றினார்கள்.

சர்க்கரை நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. வலி இல்லாததால் என்ன கேடு வரும் என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் பிறந்தது நமக்கு வடமேற்கே உள்ள கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டு! 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அவரோ, உணர்ச்சியற்ற கை கால்களில் படும் சூடும் காயமும், அவற்றைக் கவனியாமல் விடுவதுமே விரல்களைக் கொண்டுபோகின்றன என்று கண்டார். தூங்கும்போது எலி கடித்தும் அறியாதவர்கள் இருந்தார்களாம். அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தம் படாமல் காத்தபோது அதுவும் மற்றவர் புண்ணைப் போலவே ஆறியது. மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் செய்து கொடுத்தார்கள். இப்போது என் பாட்டியின் பாதங்களை இரவுதோறும் அம்மாவோ நானோ விளக்கடியில் பார்க்கிறோம். பாட்டிக்கு இது கூச்சம், நாங்கள் விடுவதில்லை.

சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் புண் வந்தால் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். மற்றவர்கள், சிவந்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுக் கொள்ளலாம். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலும், சிவந்த கோடு மேலே ஏறினாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் வீட்டு வைத்தியத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அலமாரியில் மிஞ்சிய பழைய மாத்திரைகளை விழுங்குவது சரியல்ல. டாக்டர் தருவதை அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

சாம்பலையும் சாணத்தையும் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் உள்ளன. காற்றுப் புகாத ஆழமான புண்ணில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, தாடையை இறுக்கி உயிரையே வாங்கிவிடும். ஆணி குத்திய புண்ணை அப்பி மூடுவது அந்தக் கிருமிக்கு வீடு கட்டித் தருவதாகும். இதைத் தடுக்கும் டி.டி. ஊசி நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் உண்டு. தோழியரே, நம் வகுப்புக்கு இரண்டாவது ஊசியின் முறை நெருங்கிவிட்டது.