நாரிநோவும் வயதான தம்பதியரும்

பேலியகொடை மெனிங் சந்தையிலும் மீன் சந்தையிலும் சுமை தூக்கியவர், நாரிநோவை வயதின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் படுத்துவிடுகிறார். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிவிடுவது மனைவி. கொஞ்ச நாளில் அவருக்கும் நாரி பிடிக்கிறது. படுத்தே கிடப்பது தசையைத் தளரவைத்து நோவைக் கூட்டும். மெல்ல நடப்பதும், பிசியோதெரபி பிரிவில் பழக்கும் பயிற்சிகளும்தான் உதவும். எழும்பும்போது முதலில் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி கணவர் தானாகவே எழும்பப் பழகட்டும். மனைவியின் நாரியும் தப்பும்.

இடுப்புப் பட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள். நாட்பட்ட நாரிநோவுக்கு அதை வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது.

எனக்குப் பெரிய பயம் குளிசையில்தான். கணவருக்கு நோவுக்கு எழுதிய டைக்ளோபெனாக்கை மனைவியும் போடுகிறார். முடிந்ததும் பார்மசியில் துண்டில்லாமல் வாங்குகிறார்கள். இந்தக் குளிசை இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். பிரஷர் குளிசையும் சிறுநீர் போகும் குளிசையும் எடுப்பவருக்குச் சிறுநீரகமே செயலிழக்கலாம். காய்ச்சல் நாளில் தொடவே வேண்டாம். டெங்கு என்றால் உயிராபத்து. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. மொழிக்கும் பயப்பட வேண்டாம்; தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. விறைப்பு எங்கே, நோவு எங்கே என்று தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள்.

வேலை செய்யும்போது நாரி அடிபட்டிருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். வைத்தியத் துண்டுகளைப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைகள் கைவிட்டாலும் வழியுண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க இயலாத, 60 வயது கடந்த பெற்றோர் முதியோர் பராமரிப்புச் சபையில் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

நாரிநோவோடு கால் பலமிழந்தால், மலசலம் கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது சிறுநீர் அடைத்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.