குடுமியில் நிற்கும் கோயிற் கதவுகள்

திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பெருமான் பாடித் திறந்ததும், ஞானசம்பந்தப் பெருமான் பாடி அடைத்ததும் அடியார்கள் நன்கறிந்த வரலாறு. வேதாரண்யத்தில் மாசிப் பெருவிழாவின்போது அந்நிகழ்ச்சி இன்றும் ஐதீகமாக நடைபெறுகிறது. ஆயினும், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கோயிற் கதவு எவ்வாறு நிற்கிறது என்று உற்று நோக்குவோர் சிலரே.

பழைய கோபுரக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரச் சட்டம் மேலும் கீழும் சற்றே நீண்டு, உருளையாகச் செதுக்கப்பட்டிருக்கும். இதற்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி தரைக்கல்லில் குடைந்த குழியில் அமர்ந்திருக்கும். மேற்குடுமி, மேலேயுள்ள கல்லின் துளைக்குள் சுழலும். கதவு ஆணிகளை நம்பித் தொங்குவதில்லை. அதன் பளு கீழ்க்குடுமி வழியே கல்லில் இறங்கிவிடுகிறது. தேய்மானம் குறைவதற்காகக் குடுமிக்கு இரும்புப் பூண் இடுவதும் உண்டு.

கதவின் உடலோ கனத்த பலகைகளை நெடுக்காக நிறுத்தி, பின்புறம் குறுக்குச் சட்டங்களும் இரும்புப் பட்டைகளும் கொடுத்து இறுக்கியது. முன்புறத்தில் வரிசையாகத் தெரியும் குமிழ்கள் பல கதவுகளில் வெறும் அழகுக்கானவையல்ல. பலகையையும் சட்டத்தையும் பிணைக்கும் ஆணிகளின் தலைகளே அவை. பெருங்கதவைத் திறவாமலே ஒருவர் குனிந்து செல்ல அதனுள் அமைந்த சிறு கதவே திட்டிவாசல்.

சந்நிதிக் கதவின் அமைப்பு வேறு. சட்டங்களை ஒன்றின் துளைக்குள் மற்றொன்றைச் செருகிக் கட்டங்களாக்கி, அவற்றின் காடிகளில் சிறு பலகைகளைப் பொருத்துவார்கள். காடிக்குள் பலகைக்குச் சிறிது இடம் இருப்பதால், மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் கோடையில் சுருங்கினாலும் கதவு வெடிப்பதில்லை. பல ஆலயங்களில் கட்டந்தோறும் சிறு மணி தொங்கும். நடை திறப்பதைக் கண்ணுக்கு முன் காது அறிந்துவிடும்!

சங்க நூலாகிய நெடுநல்வாடையிலேயே இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு பேசப்படுகிறது. அங்கே அது அரண்மனைக் கதவு. இடைவெளி தோன்றாதவாறு இறுக்கிய தச்சனின் கைத்திறனையும் புலவர் குறிப்பிடத் தவறவில்லை.

இத்தகைய கதவுகள் திருப்பணியின்போது கழற்றப்பட்டு, மண்டபத்தின் மூலையில் சாத்தப்படுவதைக் காண்கையில் மனம் வருந்துகிறது. 'தரையில் உரசுகிறது, திறக்க முடியவில்லை' என்பதே காரணமாகச் சொல்லப்படும். பெரும்பாலும் தேய்ந்திருப்பது கீழ்க்குடுமி மட்டுமே. கதவைத் தூக்கி நிறுத்தி, அப்பகுதிக்கு மட்டும் புதுமரம் ஒட்டிப் பூண் மாற்றினால் அது மீண்டும் சுழலும். புதுக்கதவில் உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம். பழைய குடுமியில் பொறிக்க இடமில்லை. இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறுகிறேன்.

தங்கள் ஊர்க் கோயிலில் கதவு மாற்றும் பேச்சு எழுந்தால், அன்பர்கள் முதலில் ஸ்தபதியையோ அனுபவமுள்ள மரத்தச்சரையோ அழைத்துக் குடுமியைப் பார்க்கச் சொல்லலாம். தரை கழுவும் நீர் குடுமிக்குழியில் தேங்கினால் மரம் அடியிலிருந்து இற்றுப்போகும். கழுவியபின் அக்குழியை உலரத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே.