எரிமலைத் தீவில் ஒரு நடைப்பயணம்

வாகனத்திற் செல்பவன் ஊர்களைக் காண்கிறான். நடந்து செல்பவனே நாட்டைக் காண்கிறான் என்று நாம் வகுப்பறையிற் பலமுறை கூறியதுண்டு. கூறுவது எளிது. கல்லூரிச் சுவர்களுக்குள்ளே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, அவ்வுரையை நம் கால்களாற் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓகஸ்ட் விடுமுறையிலேதான் கிட்டியது. பூகோளம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் துணைவர நாம் சென்ற இடம், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்திற் கிடக்கும் றியூனியன் தீவு.

அத்தீவின் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றர். 1946ஆம் ஆண்டு முதல் அது பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக இருந்து வருகின்றது. கடலடியிலிருந்து எழுந்த இரண்டு எரிமலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் உண்டான நிலம் அது. மூத்த மலையின் பெயர் பித்தோன் தெ நேஜ். அதாவது பனிச் சிகரம். அதன் உயரம் 3,070 மீற்றர். இளையது பித்தோன் தெ லா பூர்நேஸ். உலைச் சிகரம் எனலாம். அதன் உயரம் 2,632 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதாலகாலை 2,524 மீற்றரே என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. மூத்தது நெடுங்காலமாக உறங்குகிறது. இளையதோ ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை கண் விழிக்கும் இயல்பினது.

கிழக்குக் கரையிலுள்ள சென் அந்திரே என்னும் ஊரில் ஒரு முதியவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். அவர் தமிழ் வழியினர். 1848ஆம் ஆண்டு அத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுடைய சந்ததியாரை அங்கே 'மலபார்' என்று அழைக்கின்றனர். கோயில்கள் உண்டு, தீமிதிப்பு உண்டு, மொழிதான் பெரும்பாலோரிடம் இல்லை. நம் முதியவரும் தமிழ் அறியார். ஆங்கிலம் பயின்ற அவருடைய பேர்த்தியே எமக்கு மொழிபெயர்ப்பாளர். இராச் சோற்றோடு 'ருகாய்' என்றோர் உறைப்பான தொடுகறி வைத்தார்கள். அது நம் 'ஊறுகாய்' என்னும் சொல்லின் திரிபு என்பர்.

உலைச் சிகரத்தில்

மறுநாள் விடியுமுன் புறப்பட்டு மலைப்பாதையில் ஏறினோம். புல்வெளிகள் மறைந்தன, செந்நிற மணற்பரப்பொன்று தோன்றியது. ஒரு புல்லும் இல்லாத அவ்வெளியைக் கடந்தால், 2,311 மீற்றர் உயரத்திற் பா தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பு. அங்கே வீதி முடிகிறது. கீழே எரிமலையின் முற்றம். அப்பால் கரிய சிகரம். 500க்கு மேற்பட்ட படிகள் வழியாக முற்றத்தில் இறங்க வேண்டும். படிகளின் தலைப்பில் ஒரு வாயிற் கதவு உண்டு. மலை கிளர்ச்சியடையும் அறிகுறி தோன்றியதும் அக்கதவை மூடிவிடுவார்கள். அறிகுறிகளைக் கருவிகளால் இரவு பகலாகக் கவனித்து வருவது, 1979ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஓர் எரிமலை ஆய்வுநிலையம்.

முற்றத்தில் முதலிற் காண்பது போர்மிக்கா லியோ என்னும் சிறு செங்கூம்பு. 1753இல் நிகழ்ந்த ஒரு குமுறலில் அது உண்டாயிற்று. அதன்பின் எங்கு நோக்கினும் உறைந்த கற்குழம்பே. சில இடங்களில் அது கயிறு திரித்தாற்போல் வழவழப்பாகக் கிடக்கிறது. சில இடங்களில் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டினாற்போற் கூர்மையாகக் கிடக்கிறது. மண்ணில் ஏற்படுவது போன்ற ஒற்றையடித் தடம் பாறையில் ஏற்படுவதில்லை. ஆகவே, சில அடிகளுக்கு ஒன்றாகப் பாறைமீது வெள்ளைப் பூச்சால் குறியிட்டிருக்கிறார்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு என நடந்து, மூன்று மணி நேரத்தில் டொலோமியூ என்னும் பெருவாயின் விளிம்பை அடைந்தோம். 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், மலையின் வயிற்றிலிருந்த குழம்பு கடலை நோக்கி வழிந்தோடிவிட, தாங்குவாரின்றி இவ்வாயின் தரை 300 மீற்றருக்கு மேல் இடிந்து தாழ்ந்தது. அவ்வாழத்தை நோக்கி நின்றபோது நண்பரும் நாமும் ஒரு சொல்லும் பேசவில்லை.

எம் தவறு நேர்ந்தது திரும்பும் வழியில். நண்பர் கயிற்றுப் பாறையொன்றைப் படம் பிடிக்க விரும்பினார். குறிகளை விட்டு முப்பது அடி விலகியிருப்போம். அதற்குள் மூடுபனி எழுந்து எம்மைச் சூழ்ந்தது. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "இப்பக்கந்தான் வந்தோம்" என்றார் நண்பர். நாமும் ஐயமின்றி அதையே சொன்னோம். பத்தடி நடந்ததும் நம் காலடியிற் பாறை முறிந்தது. மேலோடு மட்டும் உறைந்து உள்ளே வெறுமையாயிருந்த இடம் அது. முழங்கால்வரை புதைந்த காலை இழுத்தெடுத்தபோது தோல் உரிந்து குருதி வடிந்தது.

அவ்விடத்திலேயே இருவரும் அமர்ந்துவிட்டோம். குளிர் எலும்பைத் தொட்டது. "கோட்டைத் தாண்டாதே, கூட்டத்தை விட்டுப் பிரியாதே" என்று சுற்றுலாக்களில் எத்தனை மாணவரைக் கடிந்திருக்கிறோம்! அம்முகங்கள் யாவும் வரிசையாக நினைவில் வந்தன. ஒரு மணி நேரத்தின்பின் பனித்திரை சற்றே கிழிந்தது. வெள்ளைக் குறி ஒன்று தெரிந்தது. அது நாம் செல்லத் துணிந்த திக்கிலன்று. நேர்மாறான திக்கிலே இருந்தது. முன்னே சென்ற யாரோ ஒருவர் தூரிகையும் வாளியும் சுமந்து அங்கே வந்து குனிந்து இட்ட குறி அது. அவருக்கு எம்மைத் தெரியாது. எனினும் எம்மை வீடு சேர்த்தவர் அவரே.

எரிந்த நிலமும் பசுங்காடும்

கால் ஆறும்வரை கிழக்குக் கரை வீதியில் மெதுவாகச் சுற்றினோம். கற்குழம்பு கடலுக்கு இறங்கிய இடங்களில், அது எந்த ஆண்டிற்குரியது என்று வீதியோரத்திற் பலகை நாட்டியிருக்கிறார்கள். அண்மைக் காலப் பாறையிற் சாம்பல் நிறக் கற்பாசி. சற்று முந்தியதிற் பன்னச் செடிகள். அதற்கும் முந்தியதில் மரக்கன்றுகள். மிகப் பழையதில் அடர்ந்த காடு. வெறும் பாறை வனமாகும் வரலாற்றை ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் போல் வரிசையாகப் படிக்கலாம். 1977இல் கற்குழம்பு ஓர் ஊருக்குள்ளேயே புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின, வீடுகள் அழிந்தன. மாதா கோயிலின் வாசல்வரை வந்த குழம்பு அங்கே நின்று உறைந்தது. ஆய்வுநிலையம் எழுந்தது அந்நிகழ்ச்சியின் பின்னரே.

பின்னர் பெலூவ் என்னும் மழைக்காட்டுக்கு ஏறினோம். கடற்காற்று அம்மலைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. 1966ஆம் ஆண்டு ஜனவரியில் வீசிய ஒரு சூறாவளியின்போது இத்தீவின் போக் போக் என்னும் மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. உலகில் ஒரு நாளிற் பெய்த மழைகளுள் அதுவே பெரியது. காட்டின் உள்ளே தென்னையளவு உயர்ந்த மரப்பன்னங்கள் குடை விரித்து நிற்கின்றன. கிளை தோறும் பாசி தொங்குகிறது. சேறு மிகுந்த இடங்களிற் பலகை பரப்பியிருக்கிறார்கள். நச்சுப் பாம்போ கொடிய விலங்கோ இல்லை; வழுக்கலே அங்குள்ள பகைவன். பாதை முடிவில், 'இரும்புக் குழி' எனப்படும் பாதாளத்துள் அருவிகள் பல பக்கங்களாலும் வீழ்வதைக் கண்டோம்.

தாழ்ந்த காடுகளில் வனிலாக் கொடி மரங்களைப் பற்றிப் படர்கிறது. மெக்சிக்கோவிலிருந்து வந்த அக்கொடி இங்கே பூத்தும் காய்க்காதிருந்தது. 1841ஆம் ஆண்டு எட்மண்ட் அல்பியுஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவை மகரந்தஞ் சேர்க்கும் முறையைக் கண்டான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களிற் பின்பற்றப்படுவது அவன் காட்டிய வழியே. மாணவர்கள் அப்பெயரை மறவாதிருப்பார்களாக.

வீதியில்லாத பள்ளத்தாக்கு

எம் பயணத்தின் இறுதி நடை மஃபாத் பள்ளத்தாக்குக்கு. செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கிற்கு இன்றும் வீதி கிடையாது. நடந்தே செல்ல வேண்டும். பாரமான பொருள்களை ஹெலிகொப்டர் கொண்டு வருகிறது. சிற்றூர்கள் உண்டு, பாடசாலைகளும் உண்டு. இவ்ரின் போசே என்னும் தபாற்காரர் 1951ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கடிதப் பையைச் சுமந்து இப்பாதைகளில் நடந்தே தம் கடமையைச் செய்தார்.

இப்பாதைகளை முதலில் மிதித்தவர் யார்? பொழுதுபோக்க வந்தவர் அல்லர். மடகாஸ்கரிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் பிடித்து வரப்பட்டு, தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகளே அவர்கள். பின்னால் துப்பாக்கியுடன் வேட்டைக்காரர் வர, பகலில் ஒளிந்து இரவில் ஏறினார்கள். அவர்களுடைய தலைவன் ஒருவனின் பெயரே மஃபாத். எமக்கு மூச்சு வாங்கிய ஒவ்வொரு ஏற்றத்திலும் அதை நினைத்தோம். நாம் களிப்புக்காக ஏறிய மலையை அவர்கள் மானத்துக்காக ஏறினார்கள்.

சென் அந்திரேக்குத் திரும்பிய இரவு, முதியவர் ஒரு பித்தளைச் செம்பைக் கொணர்ந்து எம் முன் வைத்தார். தம் பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் இருப்பது என்றார். கழுத்தருகே புள்ளி புள்ளியாகச் சில எழுத்துக்கள் வெட்டப்பட்டிருந்தன. "இது அழகுக்கு வெட்டிய கோலமா, எழுத்தா என்று எமக்குத் தெரியாது" என்றாள் பேர்த்தி. சீதனப் பாத்திரங்களிற் பெயர் வெட்டும் நம்மவர் வழக்கம் வாசகர்கள் அறிந்ததே. விளக்கருகே பிடித்துப் படித்தோம். ஒரு பெண்ணின் பெயர். அவ்வளவுதான், ஊர் இல்லை, ஆண்டு இல்லை.

உரக்கப் படித்துக் காட்டினோம். முதியவர் திருப்பிச் சொன்னார். நா பிறழ்ந்தது, மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சரியாக வந்தது. பிறகு செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பேர்த்தி ஒரு தாளைக் கொணர்ந்து, அப்பெயரை எழுதித் தருமாறு கேட்டாள். தமிழில் ஒரு முறையும் பிரெஞ்சு எழுத்தில் ஒரு முறையும் எழுதிக் கொடுத்தோம். தமிழ் எழுத்துக்களின் மேல் விரலை வைத்து அவள் வளைவு வளைவாக வரைந்து பார்த்தாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மூடுபனியிற் கண்ட வெள்ளைக் குறியே கண்முன் நின்றது. இன்றும் வகுப்பில் எழுத்துப் பிழை திருத்தும்போது, "இதிலென்ன, ஐயா?" என்று மாணவர் எவரேனும் அலுத்துக்கொண்டால், அப்பித்தளைச் செம்பின் கதையைத்தான் சொல்லி வருகிறோம்.