சக்கரப் பேரிங்கை நாமே மாற்றலாமா?

காரின் வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும், தொலைவில் ஆகாய விமானம் பறப்பது போன்ற ஓர் உறுமல் சக்கரத்தருகே எழுந்து, வேகத்தோடு தானும் ஏறி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிய பின்னும் அடங்காமல் கூடவே வருமானால், பேரிங் தேய்ந்துவிட்டதோ என்று சந்தேகிப்பது நியாயமே. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், அவ்வோசை டயரினுடையதன்று என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த டயரும் இவ்விதமே உறுமும். எனினும் தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் அதன் சுருதி மாறிவிடும். பேரிங்கின் உறுமல் சாலையை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இடது வளைவில் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்வதால், அப்போது ஓசை உரத்தால் வலப்பக்கத்தையே முதலில் ஆராய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, முன்சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிக்கொண்டு மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின்மேல் வைத்தால், உள்ளே குண்டுகள் கரகரப்பது விரல் நுனியில் பிரத்தியட்சமாகத் தெரியும்.

வேல்ஸ் நாட்டுப் பிலிப் வாகன் 1794இல் வண்டி அச்சுக்குக் குண்டுகளைப் பொருத்தும் முறைக்கு உரிமை பெற்ற காலத்திலிருந்து, இந்தச் சிறு யந்திரத்தின் தத்துவம் ஒன்றே. சக்கரத்தில் பொருத்தும் விதம்தான் பலவாகக் கிளைத்துவிட்டது. நம்மால் முடியுமா என்ற கேள்விக்கு விடையும் அந்த விதத்தில்தான் இருக்கிறதேயன்றி, நமது தைரியத்தில் இல்லை.

ஹப்போடு சேர்ந்த முழு உருப்படியாக வந்து, சில போல்ட்டுகளால் மாட்டப்படும் பேரிங்கானால், நல்ல கருவிகளும் ஓய்வான ஒரு பகற்பொழுதும் உடையவர் தாராளமாக முயலலாம். துருவேறி இறுகிய போல்ட்டுகளே அங்கே பெரிய விரோதி.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கட்டையான நக்கிளுக்குள் அழுத்திச் செருகப்பட்ட பேரிங்கின் கதை வேறு. அதை வெளியே தள்ளவும் புதியதை உள்ளே செலுத்தவும் டன் கணக்கான பலம் வேண்டும். பலத்தைக் காட்டிலும் முக்கியமானது, அது எந்த வளையத்தின்மேல் விழுகிறது என்பது. நக்கிளுக்குள் பேரிங்கைச் செலுத்தும்போது வெளிவளையத்தையே அழுத்த வேண்டும். பிறகு ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்துக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். இவ்விதி தவறினால் முழு விசையும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களைப் பதித்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிப்பது இதனால்தான்: அன்றைக்கு வண்டி ஓசையின்றி ஓடும், ஆனால் புத்தம்புதிய பேரிங் தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பட்டறையிலேயே இழந்திருக்கும். ஏபிஎஸ் உள்ள கார்களில் இன்னொரு விஷயமும் உண்டு. பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்தப்பட்டை ஒட்டியிருக்குமானால், அம்முகம் சென்ஸாரை நோக்கியே அமைய வேண்டும். திருப்பிச் செலுத்திவிட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாது.

ஆகவே அழுத்திச் செருகும் பேரிங் கொண்ட வண்டிக்காரருக்கு நான் சிபாரிசு செய்வது நடுவழி: சக்கரம், பிரேக், நக்கிள் ஆகியவற்றைத் தாமே கழற்றி, நக்கிளையும் தரமான பேரிங்கையும் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, செருகும் வேலையை அங்கே தம் கண்ணெதிரே செய்வித்துக்கொள்வது. கழற்றும் கூலி மிஞ்சும். நுட்பமான வேலை தகுந்த கையில் நடக்கும்.

திரும்ப மாட்டும்போது அச்சு நட்டைப் புதிதாகவே போட வேண்டும். பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கும் அந்த முறுக்கை, உற்பத்தியாளர் குறித்துள்ள அளவு பார்த்து, டார்க் ரெஞ்சினால் முடித்த பின்னரே வண்டியின் பாரத்தை அச்சக்கரத்தின்மேல் இறக்கி உருட்டலாம். டார்க் ரெஞ்ச் வாங்கவோ இரவல் பெறவோ வழியில்லாதவர், வண்டியை முழுவதுமாக மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.