ஆமையின் வீட்டில் புகுந்த விளக்கு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அமீனாவுக்காக நாம் வாதாட வரவில்லை. ஜப்தி உத்தரவோடு வருகிறவரால் எந்த வீடு உருப்பட்டது? ஆனால் ஆமையின் தரப்பில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆமை நம் வீட்டில் புகுந்து செய்த கெடுதலை நாம் கண்ணால் கண்டதில்லை. நாம் ஆமையின் வீட்டில் புகுந்து செய்து வரும் கெடுதலுக்கோ கடற்கரை மணலே சாட்சி. அப்படிப் புகுந்தது நம்முடைய விளக்கு.

விளக்கினால் கெடுதலா என்று நேயர்கள் திடுக்கிடலாம். அந்தி வேளையில் விளக்கேற்றிக் கைகூப்பும் ஜனங்கள் நாம். ஆகையால் விஷயத்தைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்து வரும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது. அங்கிருந்து தெற்கே திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று கரை நீண்டு செல்கிறது. 1986-இல் ஜில்லாவைப் பிரித்தபோது இக்கரையின் பெரும் பகுதி தூத்துக்குடியைச் சேர்ந்தது; உவரியும் அதற்குத் தெற்கே உள்ள கரையும் திருநெல்வேலியோடு நின்றன. இந்தப் பிரிவினை ஒன்றும் அறியாத ஒரு விருந்தாளி, தை முதல் பங்குனி வரையில் இரவு வேளைகளில் இந்தக் கரைகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து போகிறாள். அவள்தான் சிற்றாமை. வரும் காலத்தை வைத்துப் பங்குனி ஆமை என்றும் அவளை அழைப்பதுண்டு.

நம் பெண்கள் பிரசவத்திற்குத் தாய் வீடு வருவது வழக்கம் அல்லவா? சிற்றாமைக்கும் அந்த வழக்கம் உண்டு. பல வருஷங்கள் கடலில் திரிந்து வளர்ந்தபின், தான் பிறந்த கரைப் பிரதேசத்தையே நாடி வருகிறது. இரண்டே கால் அடி நீளமுள்ள ஓட்டைச் சுமந்துகொண்டு மணலில் ஏறி, பின்கால்களால் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேலும் கூட இட்டு, மணலால் மூடிவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அந்த முட்டைகளை அது எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் காட்சியைச் சங்கப் புலவர்களும் அறிந்திருந்தார்கள். அகநானூற்றின் 160-ஆம் பாட்டில், அடும்பங்கொடி படர்ந்த மணல் மேட்டில் ஆமை முட்டையிட்டுப் புதைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்பதையும் நப்பசலையார் என்னும் புலவர் பாடியிருக்கிறார். முதற் பகுதி நேரில் கண்டவரின் வாக்கு. இரண்டாவது பகுதி கருணை மிகுந்த கற்பனை. உண்மையில் ஆண் ஆமை கரைக்கு ஏறுவதே இல்லை. அந்த முட்டைகளுக்குக் காவலர் எவரும் இல்லை.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளுக்குள் முட்டைகள் பொரிக்கின்றன. ஒன்றரை அங்குலமே உள்ள குஞ்சுகள், மணல் குளிர்ந்த இரவு நேரத்தில் ஒருமிக்க மேலே வருகின்றன. கடல் எந்தத் திசை என்று சொல்லித் தர அம்மா இல்லை. ஆனால் இயற்கை ஒரு வழி கற்பித்திருக்கிறது. மனிதர் விளக்கேற்றக் கற்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்பிருந்தே, இரவில் கடற்பக்கம் வெளிச்சமாகவும் கரைப்பக்கம் இருட்டாகவும் இருந்து வந்தன. நிலவையும் நக்ஷத்திரங்களையும் பிரதிபலித்துக் கடலின் அடிவானம் பளபளக்கும். மணல் மேடும் தாழையும் பனையும் கரைப்பக்கத்தில் கறுத்து நிற்கும். "தாழ்வாகத் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் போ" என்பதே குஞ்சு அறிந்த ஒரே பாடம்.

இப்போது கரையில் உயர்ந்த கம்பங்கள் நாட்டி வெள்ளை விளக்குகளைப் போட்டிருக்கிறோம். பாடம் மாறவில்லை; வெளிச்சம் இடம் மாறிவிட்டது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி ஊரை நோக்கி நடக்கின்றன. முதல் சில நாள் நீந்துவதற்காக உடம்பில் சேமித்து வைத்திருக்கும் பலமெல்லாம் மணலிலேயே செலவாகிவிடுகிறது. நாய்க்கும் காக்கைக்கும் நண்டுக்கும் இரையானவை போக, எஞ்சியவை சாலையில் சக்கரத்தின் கீழோ காலை வெயிலிலோ மடிகின்றன. தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் மிரண்டு, முட்டையிடாமலே திரும்பிவிடுவதுண்டு. ஆமையைப் போல் ஐம்பொறிகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார் வள்ளுவர். பாவம், கடலாமைக்கு அந்த வசதியும் கிடையாது! அதனால் தலையையோ கால்களையோ ஓட்டிற்குள் இழுத்துக்கொள்ள முடியாது.

காவலர் இல்லாத இந்த முட்டைகளுக்குக் காவல் நிற்கச் சென்னையில் சிலர் முன்வந்தார்கள். 1970-ஆம் வருஷங்களிலேயே அங்கே இரவுக் காவல் நடை தொடங்கிற்று. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள், பருவந்தோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் தமிழ்நாட்டுக் கரைகளில் இத்தகைய பொரிப்பகங்களை நடத்துகிறது. ஒரிஸ்ஸாவில் ருஷிகுல்யா கழிமுகத்தில், விளக்கை நாடி வழி தவறிய குஞ்சுகளைக் கிராமத்து இளைஞர்கள் கூடை கூடையாகப் பொறுக்கிக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

இவர்களுடைய தொண்டு போற்றத் தக்கது. ஆயினும் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் விளக்கை நகர்த்த மனமில்லாதபடியால் அல்லவா அவர்கள் முட்டைகளை நகர்த்த நேர்கிறது? சென்னையில் முட்டைகளைத் தோண்டி எடுப்பதற்கு நாயும் திருடரும் காரணம். கரை விளக்குகளும் காரணம்.

ஆமைக்கு விளக்கு ஒன்றே சத்துரு என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சு முட்டியதே காரணம் என்று கருதப்பட்டது. வலையின் பிரச்னையில் பல குடும்பங்களின் ஜீவனம் கலந்திருக்கிறது. அதைத் தீர்க்கக் காலமும் பொறுமையும் வேண்டும். விளக்கின் பிரச்னையோ பெரும்பாலும் ஒரு பொத்தானைத் திருப்பினால் தீர்வது.

கரை முழுவதையும் இருட்டாக்க வேண்டியதில்லை. பின்னிரவில் கடலுக்குப் புறப்படும் மீனவருக்கு வெளிச்சம் வேண்டும். பெண்டு பிள்ளைகள் அச்சமின்றி நடக்கவும் வெளிச்சம் வேண்டும். அந்த விளக்கு உயரக் கம்பத்தில் இல்லாமல் தாழ்வாக இருக்கட்டும். கடற்பக்கம் ஒளி சிந்தாதபடி அதற்கு ஒரு மறைப்பு இருக்கட்டும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சமே குஞ்சுகளை அதிகமாக இழுக்கிறது; பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைவிட இப்போது எங்கும் வந்துவிட்ட வெள்ளை எல்.இ.டி. பொல்லாதது. ஆகவே விளக்கின் நிறம் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும். அலங்கார விளக்கும் விளம்பர விளக்கும் தை முதல் வைகாசி வரை இரவு பதினொரு மணிக்குமேல் உறங்கட்டும்.

"முன்னேற்றம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பவர் உண்டு. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் புதிய ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நமது நாட்டின் விஞ்ஞானம் நெல்லைச் சீமைக் கரையிலிருந்து வானத்திற்குப் புறப்படப்போவது குறித்து நமக்கும் பெருமைதான். அமெரிக்காவில் சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய புளோரிடா கரையும் ஆமைகள் முட்டையிடும் கரையே. அங்குள்ள கென்னடி விண்வெளி நிலையத்தில், ஆமைப் பருவத்தில் வெளிச்சம் கரையில் படாதிருக்க விதிகள் வகுத்திருக்கிறார்கள். சந்திர மண்டலத்தை எட்டியவர்கள் ஆமைக்காக ஒரு விளக்கைத் தாழ்த்தியதனால் எவ்விதத்திலும் தாழ்ந்துபோகவில்லை. குலசேகரன்பட்டினத்தில் கம்பங்கள் எழும் முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டால் செலவும் குறைவு; புண்ணியமும் உண்டு.

திருச்செந்தூருக்கு முருகனைத் தரிசிக்கப் போகும் நேயர்கள் இரவில் கரைக்குச் சென்றால், கைவிளக்கையும் தொலைபேசி வெளிச்சத்தையும் மணலில் அடிக்காதிருக்கட்டும். கடற்கரையில் வீடோ விடுதியோ உடையவர்கள் கடலைப் பார்க்கும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கட்டும். ஆண் ஆமை காத்து நிற்கும் என்று பழம் புலவர் நம்பிய அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அதில் நிற்க நமக்கு வாளும் வேலும் தேவையில்லை. சில மாதங்கள் சற்று இருட்டில் இருக்கச் சம்மதித்தால் போதும். தாய் வீட்டுக்கு வந்த பெண்ணின் பிள்ளைகள் பத்திரமாகத் தம் ஊர் போய்ச் சேரட்டும்.