போராட்ட வழக்கும் மாணவர் விசாவும்

சுடுகாட்டுப் பாதை கேட்டு நடந்த சாலை மறியலில் அமர்ந்த கல்லூரி மாணவர், மாலையில் திருமண மண்டபத்திலிருந்து விடுவிக்கப்பட்டதும் அந்நிகழ்வை மறந்துவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், முதல் தகவல் அறிக்கையில் தம் பெயர் இருப்பதை அறிகிறார். வன்கொடுமைப் புகார் அளித்த குடும்பத்தின் மீதே எதிர்வழக்குப் பதியப்படுவதும் நமக்குப் புதிதன்று. இத்தகையோர் மாணவர் விசா பெற முடியுமா? முடியும். ஆனால் செய்ய வேண்டியவற்றை உரிய வரிசையில் செய்ய வேண்டும்.

முதல் தடை விசா அன்று, கடவுச்சீட்டே. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளவருக்குக் கடவுச்சீட்டை மறுக்க இடமளிக்கிறது. இங்கே ‘நீதிமன்றத்தில்’ என்ற சொல்லே முதன்மையானது. முதல் தகவல் அறிக்கை பதிவானதோ விசாரணை நடப்பதோ மட்டும் இப்பிரிவுக்குள் வராது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகமே 10.10.2019 நாளிட்ட குறிப்பாணையில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. அவ்வாறிருந்தும் காவல் நிலையங்கள் பாதகமான அறிக்கை அனுப்புவது நிற்கவில்லை. அப்போது குறிப்பாணையின் நகலை இணைத்து எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும். வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டே தேடி அறியலாம். இதற்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை.

வழக்கு கோப்பில் எடுக்கப்பட்டிருந்தாலும் வழி அடைபடவில்லை. வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் கூறுக்குள் அடங்கும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 25.8.1993 நாளிட்ட அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி ஆணை இருந்தால் கடவுச்சீட்டு வழங்கப்படும். பலர் இடறுவது இதற்கடுத்த படியில்தான். ஆணையில் கால அளவு எதுவும் குறிக்கப்படாவிடில் ஓராண்டுக்கே கடவுச்சீட்டு கிடைக்கும். ஈராண்டு முதுகலைப் படிப்புக்கு அது போதாது. எனவே படிப்புக் காலம் முழுமையையும் மனுவிலேயே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வழக்கையே நீக்கக் கோருவோர், குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 528ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எனினும் அதன் முடிவுக்காகக் காத்திருந்து சேர்க்கைத் தேதியைத் தவறவிட வேண்டாம். இரண்டு மனுக்களையும் ஒருசேர நடத்தலாம்.

அடுத்தது விசாப் படிவம். அமெரிக்காவின் டிஎஸ்-160 படிவம், தண்டனை பெற்றீரா என்பதோடு நில்லாமல், எப்போதேனும் கைது செய்யப்பட்டீரா என்றும் கேட்கிறது. விடுதலையான பின்னரும் இதற்கு ‘ஆம்’ என்பதே விடை. பிரிட்டன் படிவம் நிலுவையிலுள்ள வழக்கையும் கேட்கிறது. ‘மண்டபக் கைது கைதாகுமா?’ என்று நம் தோழர்கள் நகைப்பதுண்டு. முதல் தகவல் அறிக்கையில் கைது என்றிருந்தால் அது கைதுதான். முகவர்கள் ‘இல்லை’ என்று நிரப்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அறிந்தே பொய் சொன்னதாகக் கண்டால் பிரிட்டன் பத்தாண்டுகள் வரை தடைவிதிக்கும். அமெரிக்காவில் அத்தடை வாழ்நாளுக்கும் நீளலாம். மாறாக, சாலை மறியல் வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே தானாக விசா மறுப்பைக் கொண்டுவருவதில்லை. ‘ஆம்’ என்று எழுதி, குற்றப்பத்திரிகை, நீதிமன்ற ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து, எதற்காக அமர்ந்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணச் சான்றைப் பற்றிச் சிறிது. பிரிட்டன் விசாவுக்கு உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழும். பெற்றோரின் கணக்கு செல்லும், மாமாவின் கணக்கு செல்லாது. அரசு உதவித்தொகைக் கடிதம் இருந்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும். ஆனால் தேர்வுப் பட்டியலில் பெயர் வருவது கடிதம் ஆகாது. 2025இல் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில், நிதியைக் காரணங்காட்டி, முதலில் 40 பேருக்கே தற்காலிகக் கடிதம் அனுப்பப்பட்டது. ஆகவே கல்விக் கடனுக்கான வங்கிக் கடிதத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது நல்லது.